வியர்வை கொண்டுவரும் சேதி

 

கன்னியாகுமரி மாவட்டத்தின் இராஜாக்கமங்கலம் பகுதிக்குச் சென்று வந்தவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பீர்கள். தெற்கே கடல், சுற்றிலும் தென்னந்தோப்புகள், காற்றுக்கும் குறைவில்லை. ஆயினும் அங்கே சற்று விரைந்து நடந்தால் போதும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. அதே தூரத்தை மதுரையிலோ திருச்சியிலோ வெயிலில் நடந்தால் மேனி சுடுகிறது. ஆனால் வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிடுகிறது. கடலோரத்துக் காற்றில் ஈரம் மிகுதி. ஏற்கெனவே நீரைச் சுமந்து நிற்கும் அந்தக் காற்று, நம் மேனியின் நீரை ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறது. ஆகவே வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை.

இந்த வியர்வையை நாம் என்ன செய்கிறோம்? துண்டால் துடைக்கிறோம், நாற்றம் என்று முகம் சுளிக்கிறோம், அத்தர் பூசி மறைக்கிறோம். விஞ்ஞானிகளோ, சில ஆண்டுகளாக அந்தத் துளியைச் சின்னஞ்சிறு குழாயில் ஏந்தி, அதனுள் நம் நோய் எதிர்ப்பாற்றலின் சேதிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உடற்பயிற்சியின்போது வெளிவரும் வியர்வையைக் கொண்டே, உடலுக்குள் நடக்கும் போராட்டத்தை அறிய முடியுமா என்பதே அவர்களது கேள்வி. ஊசி குத்தாமல், இரத்தம் எடுக்காமல் அது கைகூடுமானால் எத்துணை நன்மை! ஆனால் இச்செய்தியில் மயங்கிவிடவும் கூடாது. அலட்சியம் செய்யவும் கூடாது. எதை நம்பலாம், எதற்குப் பொறுத்திருக்க வேண்டும் என்பதை இம்மாதம் சேர்ந்து சிந்திப்போம்.

வியர்வை என்பது யாது?

நம் தோலில் ஏறத்தாழ 20 முதல் 40 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் பரவியுள்ளன. ஒவ்வொன்றும் தோலுக்கடியில் சுருண்டு கிடக்கும் நுண்ணிய குழாய். அதன் அடிச்சுருளில் ஊறும் நீர் உப்பு நிறைந்தது. மேல்நோக்கி ஏறும் வழியில் குழாயின் சுவர்கள் அந்த உப்பில் பெரும்பகுதியை மீட்டு உடலுக்குத் திருப்பித் தந்துவிடுகின்றன. மெல்ல வியர்க்கும்போது மீட்பதற்கு நேரம் கிடைக்கிறது. வியர்வையில் உப்பு குறைகிறது. வேகமாக வியர்க்கும்போது நேரம் போதாமல் உப்பு மிகுதியாக வெளியேறுகிறது. இந்த ஒரு நுட்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை மேனியிலிருந்து எடுத்துச் செல்கிறது. (உணவுக் கணக்கில் நாம் கூறும் கலோரி இதைப்போல் ஆயிரம் மடங்கு.) கடும் உழைப்பில் ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் மேல் வியர்க்கக்கூடும். ஆனால் ஆவியாகாமல் சொட்டிவிடும் வியர்வையால் குளிர்ச்சி கிடைப்பதில்லை. இராஜாக்கமங்கலம் போன்ற கடலோர ஊர்களில் உழைப்பவர் நீரையும் உப்பையும் இழந்தும் உடற்சூடு தணியாமல் தவிப்பதற்கு இதுவே காரணம்.

வியர்வையைக் கொண்டு உடலை அறியலாம் என்ற எண்ணம் புதிதன்று. இத்தாலியைச் சேர்ந்த சான்டோரியோ என்ற மருத்துவர், தராசில் தொங்கவிடப்பட்ட நாற்காலியில் அமர்ந்து, தாம் உண்பதையும் கழிப்பதையும் பல்லாண்டுகள் நிறுத்துப் பார்த்தார். உட்கொண்டதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் மேனியிலிருந்தும் மூச்சிலிருந்தும் ஆவியாகிறது என்று 1614ஆம் ஆண்டு நூலெழுதினார்.

1948ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் கடும் வெப்ப அலை வீசியபோது, ஒருவகைப் பிறவி நுரையீரல் நோயுள்ள குழந்தைகள் மற்றவரைவிட மிகுதியாக மயங்கி விழுந்ததை டாக்டர் பால் டி சான்ட் அக்னீஸ் கவனித்தார். அவர்களது வியர்வையில் உப்பு அளவுகடந்து இருந்தது. ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ எனப்படும் அந்நோயைக் கண்டறிய இன்றும் உலகெங்கும் வியர்வைச் சோதனையே முதன்மையானது. நம் நாட்டில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் டாக்டர் எஸ்.கே.காப்ரா குழுவினர் வியர்வை சேகரித்துச் சோதிக்க உள்நாட்டிலேயே உருவாக்கிய முறையொன்றை 2002ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஆக, ஒரு துளி வியர்வை ஒரு குழந்தையின் நோயைக் காட்டிக்கொடுக்க வல்லது என்பது நிரூபணமான உண்மை. ஆனால் அங்கே அளக்கப்படுவது உப்பு; வியர்வையில் தாராளமாக இருக்கும் பொருள். இப்போது தேடப்படுவதோ அணுவினும் அரிதான ஒன்று.

உடலுக்குள் ஓடும் தூதர்கள்

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் அவர்களை நம் சமுதாயம் மறவாது. 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா அரங்கில் ஒரே நேரத்தில் நூறு பொருள்களில் கவனம் செலுத்திச் சதாவதானம் நிகழ்த்திக் காட்டிய பெருமகனார் அவர். நூறு அவதானத்தைக் கண்டு நாம் வியக்கிறோம். நம் ஒவ்வொருவரது உடலும் கணந்தோறும் அதனினும் பெரிய அவதானம் செய்துகொண்டிருக்கிறது. காலில் முள் தைத்தால் எலும்பு மஜ்ஜைக்குச் சேதி போகிறது. தொண்டையில் கிருமி புகுந்தால் மூளை உடற்சூட்டை உயர்த்துகிறது. கல்லீரல் புதிய புரதங்களைச் செய்கிறது. கண்கள் உறக்கத்தை நாடுகின்றன.

இறைநம்பிக்கையாளர்கள் அனைவரும் ஓர் உடலைப் போன்றவர்கள். ஓர் உறுப்பு நொந்தால் உடல் முழுவதும் காய்ச்சலாலும் விழிப்பாலும் அதில் பங்குகொள்ளும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உவமித்ததை நாம் ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். சமுதாய ஒற்றுமைக்காகக் கூறப்பட்ட அந்த உவமையில், உடல் இயங்கும் விதமும் எவ்வளவு துல்லியமாக அமைந்திருக்கிறது! ஓர் உறுப்பின் நோவை மற்ற உறுப்புகளுக்கு அறிவிக்கும் தூதர்களைத்தான் விஞ்ஞானம் ‘சைட்டோகைன்’ என்று அழைக்கிறது.

இவை செல்கள் சுரக்கும் சிறு புரதங்கள். 1957ஆம் ஆண்டு இலண்டனில் ஐசக்ஸ், லிண்டென்மன் இருவரும் ‘இன்டர்ஃபெரான்’ என்ற தூதனைக் கண்டறிந்தனர். ‘சைட்டோகைன்’ என்ற பொதுப்பெயர் 1974ஆம் ஆண்டு ஏற்பட்டது. 1986ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகா நகரில் கிஷிமோடோ, ஹிரானோ ஆகியோர் ‘இன்டர்லூக்கின்-6’ என்பதன் மரபணுவைப் பிரித்தறிந்தனர். இக்கட்டுரையின் நாயகன் அந்த இன்டர்லூக்கின்-6 தான். கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில் ‘சைட்டோகைன் புயல்’ என்ற சொல்லைப் பலரும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். தூதர்கள் அளவின்றிப் பெருகி, காக்க வேண்டிய உடலையே தாக்கும் நிலை அது.

எல்லா உயிர்களுக்கும் படைத்தவன் பாதுகாப்பை அளித்திருக்கிறான். இராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல், தொழில்நுட்ப மையம் இயங்குகிறது. மூலிகைகளைக் கொண்டு இறால், மீன் ஆகியவற்றின் எதிர்ப்பாற்றலைப் பேணுவது பற்றிய ஆய்வுகள் அங்கே நடந்துள்ளன. இறாலுக்கு நம்மைப்போல எதிர்ப்பொருள் உண்டாக்கும் திறன் கிடையாது. ஒருமுறை வந்த கிருமியை நினைவில் வைத்து மறுமுறை குறிபார்த்துத் தாக்கும் எதிர்ப்பொருள் படை அதற்கு இல்லை. வந்தவன் அந்நியன் என்று அறிந்தவுடன் எதிர்க்கும் தொடக்கக் காவல் மட்டுமே உண்டு. மனிதனுக்கோ அந்தக் காவலும் உண்டு, அதற்கு மேலான படைகளும் உண்டு. அவற்றை இணைக்க நூற்றுக்கு மேற்பட்ட தூதர்களும் உண்டு.

தசையும் பேசும்

சைட்டோகைன் என்றாலே நோயின் அடையாளம் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஓட்டப்பந்தய வீரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. நெடுந்தூரம் ஓடி முடித்தவரின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 சில வேளைகளில் நூறு மடங்குவரை உயர்ந்திருந்தது. நோயில்லாத மனிதருக்கு இது ஏன் உயர வேண்டும்?

டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் பென்டே பெடர்சன் அம்மையாரின் குழுவினர் இதை ஆராய்ந்தனர். 2000ஆம் ஆண்டு வெளியான அவர்களது சோதனை எளிமையானது. ஒரு காலுக்கு மட்டும் ஐந்து மணி நேரம் பயிற்சி; மற்றக் காலுக்கு ஓய்வு. இரு கால்களிலிருந்தும் திரும்பும் இரத்தத்தைச் சோதித்தால், உழைத்த காலிலிருந்து மட்டுமே இன்டர்லூக்கின்-6 வெளிவந்தது. அதாவது, உழைக்கும் தசையே தூதனை அனுப்புகிறது! தசை அனுப்பும் இத்தகைய தூதர்களுக்கு 2003ஆம் ஆண்டு ‘மயோகைன்’ என்று பெயரிட்டார்கள்.

அந்தத் தூதன் என்ன சொல்கிறான்? கல்லீரலிடம் சர்க்கரை கேட்கிறான். கொழுப்பை எரிக்கச் சொல்கிறான். அழற்சியைத் தணிக்கும் வேறு தூதர்களை எழுப்புகிறான். 2003ஆம் ஆண்டு நடந்த மற்றொரு சோதனையில், தொண்டர்களின் உடலில் சிறிதளவு கிருமி நச்சைச் செலுத்தினார்கள். சும்மா இருந்தவர்களுக்கு அழற்சியைத் தூண்டும் ‘டி.என்.எஃப்’ என்ற தூதன் உயர்ந்தான். அதற்கு முன்னர் மூன்று மணி நேரம் மிதிவண்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு அந்த உயர்வு அடங்கியிருந்தது. 2019ஆம் ஆண்டு தொந்தி பெருத்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் மிதிவண்டிப் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களின் வயிற்றின் உட்புறக் கொழுப்பு கரைந்தது. ஆனால் இன்டர்லூக்கின்-6 செயல்படாதவாறு தடுக்கும் மருந்து பெற்றவர்களுக்கு, அதே பயிற்சி செய்தும் அக்கொழுப்பு கரையவில்லை.

இப்போது சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புரியும். கிருமி தாக்கும்போதும் இன்டர்லூக்கின்-6 உயர்கிறது. நல்ல நடைப்பயிற்சியிலும் உயர்கிறது. முன்னது டி.என்.எஃப் போன்ற கூட்டாளிகளோடு வந்து நாட்கணக்கில் தங்குகிறது. பின்னது தனியே வந்து, சேதி சொல்லி, சில மணி நேரத்தில் திரும்பிவிடுகிறது. 2013ஆம் ஆண்டுவரை நம் நாட்டில் தந்தி இருந்தது. தந்திக்காரர் வாசலில் நின்றாலே வீட்டுப் பெண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். மவுத்துச் செய்தியைக் கொணர்ந்தவரும் அவர்தான். நிக்காஹ் வாழ்த்தைக் கொணர்ந்தவரும் அவர்தான். தந்திக்காரர் வந்தார் என்பதை மட்டும் வைத்து அழவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. உறையைப் பிரித்துப் படித்தாக வேண்டும்.

வியர்வையில் தேடும் வித்தை

இரத்தத்தில் உள்ள தூதர்களை அளக்க ஊசி வேண்டும். அதுவும் அந்த ஒரு நொடியின் நிலையை மட்டுமே காட்டும். வியர்வை என்றால் வலியின்றி, மணிக்கணக்கில் தொடர்ந்து பார்க்கலாம். இந்த ஆசையில் 2006ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நலமுள்ள பெண்களின் மேனியில் வியர்வை உறிஞ்சும் ஒட்டுப்பட்டையை ஒட்டி, பல சைட்டோகைன்களை அளந்தனர். இரத்தத்தில் கண்ட அளவுகளோடு அவை ஒத்துப்போயின. 2008ஆம் ஆண்டு வெளியான அடுத்த ஆய்வில், மனச்சோர்வு நோயிலிருந்து தேறிவந்த பெண்களின் வியர்வையில் அழற்சித் தூதர்கள் மிகுந்திருக்கக் கண்டனர்.

பின்னர் கைக்கடிகாரம் போன்ற கருவிகள் வந்தன. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து டல்லாஸ் வளாகத்தில் பேராசிரியர் ஷாலினி பிரசாத், ஸ்ரீராம் முத்துக்குமார் ஆகியோர் இத்துறையில் முன்னோடிகள். பயிற்சி செய்யாத வேளையிலும் தோலில் கசியும் மிகச் சிறிதளவு வியர்வையிலிருந்தே இன்டர்லூக்கின்-6, கார்டிசால் ஆகியவற்றை அளக்கும் முறையை 2017ஆம் ஆண்டு வெளியிட்டனர். இன்ஃபுளுயன்சா காய்ச்சல் கண்டவர்களின் வியர்வையில் சைட்டோகைன்களை அளந்ததை 2021ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் அறிவித்தனர்.

இக்கருவி இயங்கும் விதத்தைச் சுருக்கமாகக் கூறலாம். நுண்ணிய மின்முனையின் மேல் எதிர்ப்பொருளைப் படியவைக்கிறார்கள். பூட்டுக்குச் சாவிபோல, குறிப்பிட்ட ஒரு சைட்டோகைன் மட்டுமே அதில் பொருந்தும். பொருந்தியவுடன் அம்முனையின் மின்தடை சற்றே மாறுகிறது. அந்த மாற்றத்தை எண்ணாக மாற்றித் திரையில் காட்டுகிறார்கள். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் வெய் காவ் குழுவினர் 2023ஆம் ஆண்டு வேறொரு வழியில் சென்றனர். இன்டர்லூக்கின்-6இன் ஏவலால் கல்லீரல் செய்யும் ‘சி.ஆர்.பி’ என்ற புரதத்தை வியர்வையில் அளக்கும் ஒட்டுக்கருவியைச் செய்தனர். அதே கருவியில் வியர்வையின் அமிலத்தன்மை, வெப்பம், உப்பு நிலை ஆகியவற்றையும் அளந்து, கிடைத்த எண்ணைத் திருத்திக்கொள்ள ஏற்பாடு செய்தனர்.

சேதியை விசாரித்து நம்புக

ஏன் அந்தத் திருத்தம்? வியர்வை அத்தனை எளிதில் உண்மையைச் சொல்லிவிடுவதில்லை.

முதற்கண், அளவு மிகமிகக் குறைவு. சைட்டோகைனைப் பிகோகிராம் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே பிகோகிராம். இத்தகைய புரதங்கள் உப்பைவிடப் பன்மடங்கு பெரியவை. இரத்தத்திலிருந்து வியர்வைக் குழாய்க்குள் எளிதில் நுழைவதில்லை.

அடுத்து, வியர்வையில் காணும் தூதன் இரத்தத்திலிருந்துதான் வந்தான் என்று உறுதி கூறவியலாது. வியர்வையிலுள்ள இன்டர்லூக்கின்-1 ஆல்ஃபா என்பது வியர்வைச் சுரப்பியிலேயே உண்டாவது என்று 1994ஆம் ஆண்டு காட்டப்பட்டது. 2013ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள், வியர்வையிலுள்ள சைட்டோகைன்கள் தோலின் செல்களையே தூண்டுகின்றன என்று கண்டனர். தோலில் ஒரு கீறலோ, படையோ, வேர்க்குருவோ இருந்தால் அதன் சேதியும் கலந்துவிடும். முதுகின் வியர்வையும் முன்கையின் வியர்வையும் ஒரே கணக்கைக் காட்டுவதில்லை.

மூன்றாவதாக, முன்னரே நினைவில் வைக்கச் சொன்ன நுட்பம். வியர்வையின் வேகம் மாறினால் அதன் கலவையும் மாறிவிடுகிறது. பயிற்சியின் முதல் பத்து நிமிடத்தில் எடுத்த துளியும், ஒரு மணி நேரம் கழித்து எடுத்த துளியும் வெவ்வேறு. காலையில் இராஜாக்கமங்கலம் துறையின் ஈரக்காற்றில் நடப்பவருக்கும், குளிரூட்டிய அறையில் ஓடுபொறியில் ஓடுபவருக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த இயலாது. வியர்வையின் வேகத்தையும் சேர்த்து அளக்காத கருவியின் எண்ணுக்குப் பொருளில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, தந்திக்காரரின் சிக்கல் இருக்கிறது. பயிற்சியின் நடுவே இன்டர்லூக்கின்-6 உயர்ந்தால் அது நோயா, நலமா? கூட்டாளித் தூதர்கள் எவர், எவ்வளவு நேரம் தங்கினர், அவரது வழக்கமான அளவு என்ன என்பவற்றை அறியாமல் விடை கூற முடியாது.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ள வேண்டும். இல்லையேல் அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்து வருந்த நேரிடும் என்பது திருமறை நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். அயலார் பற்றிய செய்திக்கு மட்டுமா அது பொருந்தும்? நம் உடலைப் பற்றிய செய்திக்கும் பொருந்தும். ஆகவே ‘வியர்வையைப் பார்த்தே உங்கள் எதிர்ப்புச் சக்தியைச் சொல்லிவிடுவோம்’ என்று எவரேனும் கருவி விற்க வந்தால், வாங்கும் முன்னர் மருத்துவரிடம் கேளுங்கள். அந்த எண்ணைக் காட்டி மருந்துப் பொடியும் விற்க முனைந்தால் இன்னும் ஒருமுறை கேளுங்கள். நம் உடலின் இரகசியமும் ஓர் அமானிதமே. கருவி சேகரிக்கும் விவரம் யாரிடம் போகிறது என்று அறிவதும் நமது கடமை.

நமக்கென்ன படிப்பினை?

அளக்கும் கருவி முதிர்ச்சியடையச் சில காலம் ஆகட்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஓர் உண்மை இந்த ஆய்வுகளில் வெளிப்பட்டுவிட்டது. தசை அசைந்தால்தான் அந்த நல்ல தூதன் புறப்படுவான். கட்டிலில் கிடப்பவனுக்கு அவன் வருவதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பேராய்வு, இந்தியாவில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023ஆம் ஆண்டு அறிவித்தது. அதே ஆய்வின் முற்பகுதி, மக்களில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று 2014ஆம் ஆண்டு கூறியிருந்தது. நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் பின்னால், வலியின்றி, காய்ச்சலின்றி, ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சி ஒன்று இருக்கிறது. வயிற்றின் உட்புறக் கொழுப்பு அதற்கு எண்ணெய் வார்க்கிறது. பிரியாணியும் நெய்ச்சோறும் இல்லாமல் விருந்து இல்லை என்று வாழும் நம் வீடுகளில் இந்த நெருப்பு எத்தனை பேருக்குள் கனல்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பதினோராம் நூற்றாண்டில் மறைந்த மருத்துவ மேதை இப்னு சீனா, தமது ‘அல்கானூன்’ நூலில் நலம் பேணும் வழிகளைக் கூறுகையில் உடற்பயிற்சியை முதலில் வைத்தார். உணவையும் உறக்கத்தையும் அதன் பின்னரே வைத்தார். நாமோ உணவில் தொடங்கி உறக்கத்தில் முடித்துவிடுகிறோம்!

வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் சற்றே மூச்சு வாங்கும் அளவு நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளொன்றுக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாட்கள். பஜ்ரு முடிந்து பள்ளியிலிருந்து திரும்பும் ஆண்கள் நேரே போர்வைக்குள் நுழையாமல் அந்த அரைமணியை நடையில் செலவிடலாம்.

பெண்களைப் பற்றித் தனியே கூற வேண்டியிருக்கிறது. ‘வீட்டு வேலையே போதாதா?’ என்று கேட்டு அவர்களது நடையை நிறுத்திவிடும் வீடுகள் பல. அடுப்படியில் நின்று வெந்து வியர்ப்பது பயிற்சியாகிவிடாது. அது வெப்பத்தால் வரும் வியர்வை. தசையின் உழைப்பால் வருவதன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். ஒருமுறை அன்னையார் முந்தினார்கள், மறுமுறை பெருமானார் முந்தினார்கள் என்று ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. அந்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், மனைவியையும் தாயையும் மாலை நேரத்தில் கண்ணியமாக உடன் அழைத்துச் சென்று நடக்கச் செய்வதில் என்ன குறை? முற்றத்திலோ மொட்டை மாடியிலோ நடந்தாலும் போதுமே.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சு வலி, படபடப்பு இருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். ‘ஓடி வியர்த்தால் காய்ச்சல் இறங்கிவிடும்’ என்பது ஆபத்தான எண்ணம். அந்நேரம் உடல் முழுவதும் போர்ச்சேதி ஓடிக்கொண்டிருக்கிறது. சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தாக்கக்கூடும். அப்போது கடும் பயிற்சி செய்வது உயிருக்கே உலை வைக்கும். காய்ச்சலின் சோர்வும் ஒரு சேதிதான். அதற்குக் கீழ்ப்படிந்து ஓய்வெடுங்கள்.

விரும்பி வராத வியர்வை

இறுதியாக, நாம் மறந்துவிடக் கூடாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். நடைப்பயிற்சியில் வரும் வியர்வை நாம் விரும்பி வரவழைப்பது. இராஜாக்கமங்கலத்தை அடுத்த புத்தளம் வட்டாரத்து உப்பளங்களில் வெயிலில் உப்பு வாருவோருக்கும், கடலில் வலை இழுப்போருக்கும், வளைகுடா நாடுகளில் கட்டட வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் வரும் வியர்வை அத்தகையதன்று.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர், தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பைக் கடந்த வெப்பத்தில் உழைத்தனர். நூற்றில் ஏழு பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. கழிப்பறை இல்லாத இடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

அளவுகடந்த வெப்பத்தில் உழைக்கும்போது இரத்தம் தோலுக்கும் தசைக்கும் விரைகிறது. குடலுக்குச் செல்வது குறைகிறது. குடற்சுவர் தளர்ந்து, கிருமிகளின் நச்சு இரத்தத்தில் கசிகிறது. அப்போது உடலெங்கும் பரவும் சைட்டோகைன்கள் நல்ல தூதர்கள் அல்லர், அழற்சியை மூட்டுபவர்கள். ஒரே வியர்வை, ஒரே உழைப்பு என்று தோன்றினும், நிழலும் நீரும் ஓய்வும் உள்ளவனுக்கு அது மருந்தாகிறது, இல்லாதவனுக்கு நஞ்சாகிறது. வியர்வையை அளக்கும் கருவி ஒருநாள் முதிர்ச்சியடைந்து மலிவாகுமானால், முதலில் சென்று சேர வேண்டிய கை இத்தொழிலாளியின் கை என்பதே என் எண்ணம்.

உழைத்தவனின் வியர்வை உலருமுன்னர் கூலியைக் கொடுத்துவிடப் பணித்த மார்க்கம் நம்முடையது. கடலோர ஊர்களில் அந்த வியர்வை எளிதில் உலர்வதில்லை. அதைக் காரணம் காட்டிக் கூலியைத் தாமதிக்க முடியுமா? கூலியோடு குடிநீரும், நிழலும், நண்பகல் ஓய்வும் அவனது உரிமை எனக் கருதுவோமாக. நம் வீட்டில் கொத்தனாரோ, தேங்காய் பறிப்பவரோ வேலை செய்யும் நாளில் ஒரு குடம் நீரும், உப்பிட்ட மோரும் நிழலில் எடுத்து வைப்போம். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வல்ல நாயன் நமக்கு அமானிதமாக அளித்த இவ்வுடலை அசைத்துப் பேணவும், அது சொல்லும் சேதியை விசாரித்து அறியவும், நமக்காக வியர்ப்பவரின் உரிமையை உரிய நேரத்தில் கொடுக்கவும் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.